மக்காச்சோளத்துக்குப் பன்றிக் காவல்: துப்பாக்கி இல்லாமல் ஒரு வெள்ளாமையைக் கரையேற்றுவது

"ஒரு நல்ல ரைபிள் மட்டும் இருந்தா ஒரே ராத்திரியில முடிச்சிரலாம்க்கா." வெளிநாட்டு வேலையிலிருந்து லீவில் வரும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வருடம் தவறாமல் என்னிடம் சொல்வது இது. அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் இருட்டிலும் தெரிகிற கண்ணாடி வைத்துப் பெரிய பெரிய பன்றிகளைச் சுடும் வீடியோவைச் செல்போனில் காட்டுவார்கள். அந்த ஊர் விஷயம் வேறு. அங்கே பன்றி காலங்காலமாக இருந்த விலங்கு இல்லை, ஐரோப்பாவிலிருந்து போனவர்கள் கொண்டுபோய் விட்டது. அது பெருகிவிட்டது, சொந்த நிலத்தில் சுட அங்கே சட்டமும் இடம் கொடுக்கிறது. நம்முடையது இந்த மண்ணின் விலங்கு. நம் சட்டமும் வேறு.

மதுரை மாவட்டத்தில், எழுமலைக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர். இரண்டில் மக்காச்சோளம், ஒன்றில் கடலை. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான். அதனால் ஒன்பது வருடமாக ராக்காவல் எனக்கும் மாமாவுக்கும்தான். மாமா என்றால் என் மாமனார். அவருடைய அப்பா காலத்தில் பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒத்தைக்குழல் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்ததாம், குழல் வாய்வழியாக வெடிமருந்து இடித்து அடிப்பது. மாமாவும் சின்ன வயதில் அதைத் தூக்கிக்கொண்டு கூடவே போனவர். பன்றியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவர் சொல்லிக் கொடுத்தது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியை நாமாக வேட்டையாடக் கூடாது. கையில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தாலும் அது பன்றியைச் சுட அனுமதி ஆகாது. கண்ணி வைப்பதும், அவுட்டுக்காய் என்கிற, தீனிக்குள் மறைத்த நாட்டு வெடியைப் போடுவதும் அதே குற்றம்தான். பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல எழுத்தில் அனுமதி கொடுக்கும் அதிகாரம் வனத்துறைக்கு இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு இதற்கு ஒரு கணக்கும் சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறை ஆட்களே சுடலாம். சுடுவது அவர்கள், நாம் இல்லை. மனுவை வனச்சரகர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். எங்கள் நிலம் காட்டு ஓரத்திலேயே இருப்பதால் எங்களுக்குக் காவலைத் தவிர வழி கிடையாது.

இனி வேலைக்கு வருவோம். காலையில் பயிர் சாய்ந்து கிடந்தால் உடனே பன்றி என்று முடிவு கட்டாதீர்கள். மக்காச்சோளத் தட்டையின் அடியில் உளியால் செதுக்கினது போலப் பல்தடம் இருந்தால் அது முள்ளம்பன்றி. கதிரின் நுனியை மட்டும் பிரித்து மணி மணியாகக் கொத்தியிருந்தால் மயிலோ கிளியோ. பன்றி அப்படி நாசூக்காகத் தின்னாது. தட்டையை நெஞ்சால் தள்ளிச் சாய்க்கும், கதிரைத் தோலோடு கடித்து மென்று சக்கையைத் துப்பிவிட்டு அடுத்ததற்குப் போகும். பத்துத் தட்டையைச் சாய்த்தால் நாலைத்தான் ஒழுங்காகத் தின்றிருக்கும். கடலைக்காடு என்றால் இன்னும் தெளிவு. மூக்கால் உழுத சால் நீளமாகப் போகும், மண் ஒரே பக்கமாகத் தள்ளிக் கிடக்கும்.

அடுத்தது தடம். ஆட்டுத் தடத்துக்கும் பன்றித் தடத்துக்கும் வித்தியாசம் தெரிய ஈரமான வரப்புக்குப் போங்கள். இரண்டு குளம்பும் ஆட்டைவிட அகலமாக, முனை மழுங்கி இருக்கும். குளம்புக்குப் பின்னால், கொஞ்சம் வெளிப்பக்கமாகத் தள்ளி, இரண்டு சின்னப் புள்ளி பதிந்திருக்கும். அது பின்விரல். ஈர மண்ணில் ஆட்டுக்கு அது பெரும்பாலும் பதியாது, பன்றிக்குப் பதியும். விளிம்பு கூர்மையாக நின்று உள்ளே பனி விழாமல் இருந்தால் விடியலுக்குக் கொஞ்சம் முன்னால் போனது. விளிம்பு உதிர்ந்து எறும்பு ஊர்ந்தால் முந்தாநாள் தடம், அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

சின்னதும் பெரியதுமாகத் தடம் கலந்து கிடந்தால் கூட்டம். குட்டி போட்ட பெட்டைகள்தான் கூட்டத்தை நடத்தும். ஒரே அளவில் பெரிய தடம் தனியாகப் போனால் அது ஒத்தைப் பன்றி, வயசான ஆண். நாங்கள் கிடாய் என்போம். அதன் உயரம் தெரிய வேண்டுமா? சகதியில் புரண்டுவிட்டு வரும் பன்றி வழியில் ஏதாவது மரத்தில் உடம்பைத் தேய்க்கும். எங்கள் ஓடைக்கரையில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. சாதாரணமாக அதில் சேறு என் முழங்கால் உயரத்தில்தான் அப்பியிருக்கும். போன வருடம் ஐப்பசியில் ஒருநாள் தொடைக்கு மேலே அப்பியிருந்தது. காய்ந்த சேற்றுக்குள் நுனி பிளந்த கறுப்பு முடி ரெண்டு ஒட்டியிருந்தது, தென்னந்துடைப்பக் குச்சி மாதிரி விறைப்பாக. மரப்பட்டையில் கோரைப்பல் கீறின கோடும் இருந்தது. மாமா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நூறு கிலோவுக்குக் குறையாது தாயி. நாயை அவுத்து விட்ராதே" என்றார். அதற்கு இரண்டு வருடம் முன்னால் எங்கள் கறுப்பி அப்படி ஒரு கிடாயைத் துரத்திப் போய்க் குடல் சரிந்து வந்து வாசலில் விழுந்தது. அன்றிலிருந்து காவலுக்கு நாயைக் கூட்டிப் போனாலும் சங்கிலியில்தான். அது குரைத்தால் போதும், சண்டைக்குப் போக வேண்டாம்.

எந்த நாளில் காவல் வேண்டும் என்பதும் கணக்குதான். நூறு நூற்றுப்பத்து நாள் பயிரை முழுக்கக் காக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. விதை போட்ட முதல் வாரம் ஒரு கண் வையுங்கள், முளைக்கும் விதையைக் கிண்டும். அப்புறம் கதிரில் பால் பிடிப்பதிலிருந்து மணி கெட்டியாகும் வரை, சுமார் இருபது இருபத்தைந்து நாள். நகத்தால் மணியைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் தெறிக்கிற அன்றிலிருந்து நாங்கள் வீட்டில் படுப்பதில்லை. கடலைக்குக் காய் பிடித்ததிலிருந்து பறிக்கும் வரை.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். முதல் இரண்டு வருடம் நாங்கள் காவல் இருந்தும் பயிர் போனது. மலை மேற்கே இருக்கிறது, பன்றி மலையிலிருந்துதானே இறங்கும் என்று பரணை மேற்கு ஓரத்தில் போட்டு, புகை மூட்டாமல் ஒளிந்து உட்கார்ந்தோம். பன்றியோ கிழக்கு ஓரத்தில் புகுந்து தின்றது. பிறகு கிழக்கே மாற்றினோம். அந்த ஓரம் தப்பியது, ஆனால் நாங்கள் இருப்பதே தெரியாமல் பயிருக்கு நடுவே வந்து மேய்ந்தது. மாமாதான் யோசித்துச் சொன்னார்: "துப்பாக்கிக்கு உக்கார்ற இடம் வேற, காவலுக்கு உக்கார்ற இடம் வேற. நான் இன்னும் வேட்டைக்காரன் மாதிரி ஒளிஞ்சு உக்காந்திருக்கேன்."

விஷயம் காற்றில் இருக்கிறது. பன்றிக்குக் கண் பார்வை மட்டம்தான், மூக்குதான் எல்லாம். பொழுது சாய்ந்து மலை குளிர்ந்ததும் காற்று மேற்கிலிருந்து கீழே இறங்கும். மலையிலிருந்து நேராக இறங்கினால் காற்று பன்றியின் முதுகுப்பக்கம் இருக்கும், முன்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் ஓடையோடு கீழே போய், சுற்றி வந்து, காற்று மூக்கில் அடிக்கிற மாதிரி கிழக்கு ஓரத்தில் நின்று மோப்பம் பிடித்த பிறகுதான் உள்ளே வரும். சுட நினைப்பவன் கிழக்கே ஒளிந்திருந்தால்தான் அவன் வாடை பன்றிக்குப் போகாது. காப்பவனுக்கு வாடை போக வேண்டும். எனவே மேற்கு ஓரத்தில், காற்று கிளம்பும் பக்கத்தில் இருங்கள். உங்கள் வேர்வை, பீடிப்புகை, அடுப்புப்புகை எல்லாம் பயிர் மேலாகப் போய்ப் பன்றியின் மூக்கில் ஏற வேண்டும். நாங்கள் வரட்டியைச் சட்டியில் வைத்து மூட்டம் போடுகிறோம், தீ எழாமல் புகை மட்டும் வரும்படி. உங்கள் ஊரில் காற்று வேறு மாதிரி இருக்கலாம். ஒரு கைப்பிடி சாம்பலை ராத்திரி ஒன்பது மணிக்கும் ஒரு மணிக்கும் தூவிப் பாருங்கள், தெரிந்துவிடும். எங்கள் பக்கம் மழை இருட்டில் காற்று திரும்பிவிடும், அன்றைக்குச் சட்டியையும் தூக்கி மாற்றி வைக்கிறோம்.

சத்தம் விஷயத்தில் ஒன்றே ஒன்றுதான் விதி: பழகவிடக் கூடாது. ஒரே இடத்தில் ராத்திரி முழுக்க ரேடியோ பாடினால் நாலாவது நாள் அதற்குப் பக்கத்திலேயே நின்று தின்னும். தகரத்தைக் கயிற்றில் கட்டி, பத்து நிமிடத்தில் ஒரு தடவை, அப்புறம் அரை மணி விட்டு ஒரு தடவை என்று இழுங்கள். இடையில் ஒரு ஆள் குரல் கொடுக்க வேண்டும். மனுஷக் குரலுக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் இல்லை. டார்ச்சைத் தொடர்ந்து எரிய விடாமல் அடித்து அடித்து அணையுங்கள். வெடியைக் காய்ந்த காலத்தில் தொடாதீர்கள், மேலே காடு.

உள்ளே புகுந்துவிட்டால் சத்தமே சொல்லும். தட்டை ஒடிகிற 'டப்' என்ற ஓசை, ஒரு மூச்சு விடும் நேரம் அமைதி, பிறகு சவக் சவக்கென்று மெல்லும் சத்தம். அப்போது பயிருக்குள் இறங்காதீர்கள். வரப்பு மேலேயே நின்று, பன்றி வெளியேற ஒரு பக்கத்தைத் திறந்து விட்டு, மற்றப் பக்கத்திலிருந்து சத்தம் போடுங்கள். வழி கிடைத்த பன்றி ஓடிவிடும். வழி இல்லாத கிடாய் நேரே பாயும், தலையைத் தாழ்த்தி வந்து தொடையைக் கீழிருந்து மேலாகக் கிழிக்கும். எப்போதும் இரண்டு பேர், காலில் கம்பூட்ஸ். பாம்புக்கும் அதுதான்.

வேலி? சேலை கட்டுவது, முடி திருத்தும் கடையில் முடி வாங்கித் தூவுவது எல்லாம் நாங்களும் செய்தோம். புதுசாக இருக்கும்வரை பலன் உண்டு, ஒரு மழை பெய்தால் முடியில் வாடை போய்விடும். கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கை, சுற்றிலும் நெருக்கமாக நாலு வரிசை விதைப்பது இதைவிட மேல். பன்றி அதைத் தொடுவதில்லை, விதையும் காசாகும்.

சோலார் வேலி போட்டால் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் அடியில் நுழைந்துவிடும். இரண்டாவது கம்பி முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. புல் கம்பியைத் தொட்டால் அதிர்ச்சி மண்ணுக்குள் இறங்கி வேலி செத்துவிடும், வாரம் ஒரு முறை செதுக்குங்கள். எர்த் கம்பி இருக்கும் குழியில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எங்களுக்கு முதலில் போட்டுக் கொடுத்தவர் இதைச் சொல்லவில்லை, இரண்டு மாதம் வெறும் கம்பியை நம்பித் தூங்கினோம். இந்த வேலிகளுக்கு 2023இல் தமிழ்நாடு அரசு தனி விதி போட்டிருக்கிறது, முன்னாடியே வனத்துறையில் கேட்டுக்கொண்டு போடுங்கள். மோட்டார் ரூமிலிருந்து நேராகக் கரண்ட் இழுக்கவே இழுக்காதீர்கள். சோலார் வேலி விட்டு விட்டுத் தட்டும், மெயின் லைன் பிடித்தால் விடாது. பக்கத்து ஊரில் ஒருவர் தன் வேலியிலேயே விடியற்காலையில் கருகிக் கிடந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளை இன்றும் பார்க்கிறேன்.

பயிர் போய்விட்டால் சாய்ந்ததை அப்புறப்படுத்தும் முன் போட்டோ எடுங்கள், தடத்தின் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்தால் அளவு புரியும். சிட்டா, அடங்கலோடு நிவாரணத்துக்கு மனு கொடுங்கள், கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒருமுறை மனுவே காணோம் என்றார்கள்.

கடைசியாக, கண்மாய். எல்லாப் பன்றியும் மலையிலிருந்து இறங்குவதில்லை. கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்திலேயே குடியிருந்து, புல்லைக் குவித்துப் படுக்கை போட்டு, அங்கேயே குட்டி போடுகிறது. அந்தக் கருவேலத்தை அகற்றாமல் ராக்காவல் இருந்து மாளாது. கண்மாய் அரசாங்கத்துடையது, கேட்காமல் வெட்டக் கூடாது. நாலைந்து பேர் சேர்ந்து தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்து, தண்ணீர் வற்றின சித்திரையில் வெட்டினோம். கிழக்கே ஊர்ப்பக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கி, மேற்கே மலைப்பக்கத்தை ஒரு வாரம் தொடாமல் விட்டோம். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பெட்டை, பின்னால் கோடு போட்ட ஆறு குட்டிகளோடு, ஓடை வழியாக மலையைப் பார்த்துப் போனது. மாமா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, அது கரை ஏறும்வரை யாரையும் பேசவிடவில்லை.