நீச்சல்குளத்தைச் சுற்றிப் போடும் கல்: வாங்கும் முன் ஒரு சோதனை

குளத்தைச் சுற்றித் தளம் போடக் கல் வாங்கும் முன், கடையில் ஒரு சாம்பிள் கேட்டு வாங்கி உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். முதலில் வெறுங்காலோடு ஏறி நில்லுங்கள். அப்புறம் ஒரு குவளை சோப்புத் தண்ணீரை ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் தேய்த்துப் பாருங்கள். சுட்டாலோ வழுக்கினாலோ அந்தக் கல் வேண்டாம்.

கடை நிழலில், காய்ந்த கல்லில் இந்த இரண்டுமே தெரியாது. காரைக்குடிப் பக்கம் பலருக்கும் முதலில் ஆத்தங்குடிக் கல், அதாவது சிமென்ட்டில் வார்க்கும் பூக்கல், போடத்தான் ஆசை வரும். கண்ணாடிமேல் வார்ப்பதால் அதன் முகம் வழவழவென்று இருக்கும். வீட்டுக்குள் பட்டாலைக்கு (கூடத்துக்கு) அதுதான் அழகு, ஈரக் காலுக்கு அதுவே ஆபத்து. குழந்தைகள் ஓடும் இடம், தயவுசெய்து தவிருங்கள். வெளிர் நிறத்தில் ஃபிளேம் ஃபினிஷ் கிரானைட் நல்ல தேர்வு. தீச்சுவாலை பட்டு மேல்முகம் பொடிப்பொடியாகத் தெறித்துவிடுவதால், நனைந்தாலும் அந்தச் சொரசொரப்பில் கால் வழுக்காமல் நிற்கும். கறுப்பு வேண்டாம், சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாது.

பதிக்கும்போது அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் (சரிவு), குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் பாசி பிடிக்கும். பாசி பிடித்தால் எந்தக் கல்லும் வழுக்கும்.

கூரைக்குள் இருக்கும் குளத்துக்கு வெயில் சோதனை தேவையில்லை, வழுக்கல் சோதனை போதும். மரப்பலகைத் தளத்துக்கு இது மட்டும் போதாது. வெடிப்பு, சிலாம்பு, கரையான் எல்லாம் தனியாகப் பார்க்க வேண்டும்.