எழுதிக் கொடுத்த நிலத்தை விட்டுக் காலி பண்ணச் சொன்னால்

குடியாத்தம் பக்கம் பத்திரம் எழுதுவதுதான் என் பிழைப்பு. "அண்ணன் காலி பண்ணச் சொல்றார்" என்று கண்கலங்கி வரும் தங்கச்சிகளிடம் முதலில் நான் கேட்பது, அப்பா எழுதிய தானப் பத்திரத்தை. பதிவாகியிருக்க வேண்டும், இரண்டு சாட்சிக் கையெழுத்து வேண்டும், அவர் உயிரோடு இருக்கும்போதே நீங்கள் ஏற்றிருக்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதியது நிலத்துக்குச் செல்லாது.

அப்புறம் மூலப் பத்திரம், அதாவது அப்பாவுக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று காட்டும் பழைய பத்திரம். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கொல்லை என்றால் யாருக்கும் எழுதலாம். பூர்வீகக் கழனி என்றால் மற்ற பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து எழுத முடியாது. செக்குபந்தியை, அதாவது பத்திரத்தில் நிலத்தின் எல்லையும் சர்வே எண்ணும் எழுதிய பகுதியை, விரல் வைத்துப் படியுங்கள். சர்வே எண் 2ஏ என்று இருக்க வேண்டிய இடத்தில் 2பி என்று விழுந்திருந்தால், வேறொருவர் கழனிக்குப் பத்திரம் வைத்திருக்கிறீர்கள்! நிலத்தின் மேல் விற்பனை, அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். பட்டா மட்டுமே உரிமை ஆகிவிடாது.

சரி, ஆள் வைத்து வெளியே தள்ளிவிட்டார்களா? போலீசில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். உரிமை யாருக்கு என்ற கேள்விக்குள் போகாமலே அனுபவத்தை, அதாவது நிலம் உங்கள் கையில் இருந்த நிலையை, திரும்பக் கேட்டு, 1963 குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 6ஆம் பிரிவில் வழக்குப் போடலாம். கெடு ஆறே மாதம். உறவுக்காரர் பஞ்சாயத்திலேயே அது கரைந்துவிடும், விடாதீர்கள். வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்கவும் வேண்டாம். வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்துக்குப் போய் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.