வட்டை வடிச்சல் நீரில் பீடைநாசினி எச்சத்தை உயிர் உணரியால் கண்டறியும் முறை

சம்மாந்துறை வட்டைகளில் (வயல்வெளிகளில்) பெரும்போகப் பயிருக்கு மருந்தடித்த பின் வடிச்சல் வாய்க்காலில் இறங்கும் நீரில் சேதனப் பொசுபரசு, காபமேற்று வகைப் பீடைநாசினிகள் கலந்துள்ளனவா என்பதை, அசெற்றைல்கோலின் எசுத்தரேசு என்னும் நொதியம் (என்சைம்) பூசிய அச்சிட்ட காபன் மின்வாயும், மின்னழுத்தத்தை நிலையாக வைத்து மின்னோட்டத்தை அளக்கும் கையடக்கப் பொட்டன்சியோஸ்டாட் கருவியும் கொண்டு அன்றைக்கே அறிந்துகொள்ளலாம். நொதியம் பூசிய அந்த மின்வாயே இங்கு உயிர் உணரி. பூச்சியின் நரம்பில் இந்நஞ்சுகள் முடக்குவதும் இதே நொதியத்தைத்தான். கிளைபோசேற்று போன்ற களைநாசினிகளை இம்முறை காட்டாது.

நீரைக் கபில நிறக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே வடிகட்ட வேண்டும். பிளாஸ்டிக் போத்தலில் சில நஞ்சுகள் சுவரிலேயே ஒட்டிவிடும். மருந்து படாத மேல்வாய்க்கால் நீரையும் ஒரு போத்தல் எடுங்கள். பார உலோகங்களும் இந்நொதியத்தை ஓரளவு முடக்குவதால், அந்த ஒப்பீடு இல்லாத அளவீட்டை நான் நம்புவதில்லை.

பீஎச் 7.4 உள்ள 0.1 மோலர் பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் (பீஎச்சை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) 0.1 மோலர் பொற்றாசியம் குளோரைட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் 1 மில்லிமோலர் அசெற்றைல்தயோகோலினை இட்டால், நொதியம் அதை உடைத்துத் தயோகோலினைத் தரும். அது மின்வாயில் ஒட்சியேறும்போது மின்னோட்டம் பிறக்கும். இந்த ஒட்சியேற்றத்தை எளிதாக்கும் கோபாற்று தலோசயனின் கலந்த மின்வாயானால் ஏறத்தாழ 0.1 வோற்று போதும். முதல் மின்னோட்டத்தைக் குறித்துக் கழுவிய பின், மின்வாயை மாதிரியில் 10 நிமிடம் ஊறவிட்டு, மீண்டும் கழுவி, புதிய கரைசலில் இரண்டாம் முறை அளவிடுங்கள். நொதியம் முடங்கியிருந்தால் மின்னோட்டம் குறையும்; முதல் அளவிலிருந்து இரண்டாம் அளவைக் கழித்து, வரும் வித்தியாசத்தை முதல் அளவால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் முடக்க வீதம் கிடைக்கும். ஒப்பீட்டுக்கான மேல்வாய்க்கால் நீரையும் இவ்வாறே, ஆனால் புதிய மின்வாயால் அளவிட வேண்டும், ஏனெனில் ஒருமுறை நஞ்சுபட்ட நொதியம் எளிதில் மீளாது.

மட்டக்களப்பு வாவியோரத்து நீரானால் உப்பைக் கவனியுங்கள். அச்சிட்ட மின்வாயிலுள்ள வெள்ளி, வெள்ளிக் குளோரைட்டு மாட்டேற்று மின்வாய் (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவுவது) திறந்தே இருப்பதால், அது தொட்டிருக்கும் கரைசலில் குளோரைட்டு 10 மடங்கு மாறினால் மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோற்று நகரும். நஞ்சே இல்லாமலும் அளவு மாறிவிடும். ஆகவே அளவிடும் கரைசலில் வாவி நீர் கலந்துவிடாதபடி நன்றாகக் கழுவுங்கள். உப்பு நொதியத்தையும் பாதிக்கக்கூடும் என்பதால், ஊறவிடும் மாதிரியின் ஒரு பங்கை 9 பங்கு தாங்கற் கரைசலுடன் கலந்து, ஒப்பீட்டு நீரையும் அவ்வாறே ஐதாக்குங்கள். நஞ்சும் 10 மடங்கு ஐதாகும் என்பதால் நன்னீர் வாய்க்காலுக்கு இவ்வளவு தேவையில்லை.

குளோர்பைரிபோஸ், டயசினோன் போன்ற கந்தகம் கொண்ட பொசுபரசு நஞ்சுகள் உள்ளபடியே நொதியத்தை வலுவாக முடக்குவதில்லை. மாதிரியின் ஒரு பகுதியை ஐதான புரோமீன் நீரால் ஒட்சியேற்றி, மிகுதிப் புரோமீனை அஸ்கோபிக் அமிலத்தால் நீக்கி, ஒப்பீட்டு நீருக்கும் அதையே செய்து மீண்டும் அளவிட வேண்டும். இதைச் செய்யாமல் நீரில் நஞ்சில்லை என்று எழுதக் கூடாது. முடக்கம் தெளிவாகத் தெரிந்தால், எந்த நஞ்சு என்பதை அறிய அதே மாதிரியைத் திணிவு நிறமாலைமானி உள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள்.