நாற்பதுக்கு முன் மாதவிலக்கு நின்றால்: ஹார்மோன் பரிசோதனைக்குத் தயாராகும் முறை

நாற்பது வயதுக்குள் சினைப்பைகளின் செயல்பாடு குன்றிப்போவது அரிதாகப் பேசப்பட்டாலும் அரிதான ஒன்றன்று. நான்கு மாதங்களாக மாதவிலக்கு வராமலோ, தாறுமாறாக வந்துகொண்டோ இருந்தால், உடம்புச் சூடு என்றும் வேலை அலைச்சல் என்றும் வீட்டில் சொல்லப்படும் காரணங்களை ஏற்றுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இரவில் உடை நனைய வியர்ப்பதைக் கோலாலம்பூர் வெக்கையாக எண்ணிக் கடந்துவிடுவோரும் உண்டு. அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முதலில் அரசாங்க சுகாதார கிளினிக்கிற்கோ, வழக்கமாகப் போகும் தனியார் கிளினிக்கிற்கோ செல்லலாம். கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பின், சினைப்பைகளைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். (சினைப்பைகள் குன்றினால் இது கூடும்), சினைப்பைகள் சுரக்கும் எஸ்ட்ராடயோல், தைராய்டு, பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களின் அளவை ரத்தத்தில் பார்ப்பார்கள். மாதவிலக்கு வருகிறதென்றால் இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் ரத்தம் கொடுப்பது நல்லது. அறவே நின்றிருந்தால் எந்த நாளும் சரியே.

பலரும் கவனிக்கத் தவறுவது, அப்போது உட்கொண்டிருக்கும் மாத்திரைகளைத்தான். கருத்தடை மாத்திரை எஃப்.எஸ்.எச். அளவைத் தாழ்த்திக் காட்டும். ஆகவே மாதவிலக்கை வரவழைக்க அதை எழுதித் தந்தால், முதலில் ரத்தம் எடுத்துவிடலாமா என்று தயங்காமல் கேளுங்கள். முடி உதிர்வதற்காக ஃபார்மசியில் வாங்கிய மாத்திரை இருந்தால் புட்டியைத் திருப்பிப் பாருங்கள்: பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் என்று அச்சிட்டிருந்தால், சில ஆய்வுக்கூட முறைகளில் எஃப்.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் எஸ்ட்ராடயோல் பொய்யாகக் கூடியும் வரக்கூடும். எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புட்டியையே கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது.

மாதவிலக்குக் கோளாறோடு எஃப்.எஸ்.எச். 25 IU/L-க்கு மேல் இருந்தால் சினைப்பைகளின் செயல்பாடு குன்றியுள்ளதெனக் கருதுவார்கள். ஐயமிருப்பின் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். தனியார் பரிசோதனைத் தொகுப்புகளில் வரும் ஏ.எம்.எச். (கருமுட்டை இருப்பைக் காட்டும் ஹார்மோன்) குறைவாக இருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள், ஏனெனில் மாதந்தோறும் ஒழுங்காக மாதவிலக்கு வரும் பெண்களுக்கும் அது குறைவாக இருக்கலாம்.

உறுதியானால், கோலாலம்பூரில் மகளிருக்கும் குழந்தைகளுக்குமான துங்கு அசிசா மருத்துவமனை போன்ற இடத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். குரோமோசோம் சோதனை, ஃப்ராஜைல் எக்ஸ் என்னும் பரம்பரைக் குறைபாட்டுக்கான மரபணுச் சோதனை, அட்ரினல் சுரப்பியை உடலே தாக்குகிறதா என்று பார்க்கும் எதிரணுச் சோதனை, எலும்பு அடர்த்தி அளவீடு ஆகியவை அடுத்து வருபவை. தடையான வேறு நோய் இல்லையென்றால், ஏறத்தாழ ஐம்பது வயதுவரை ஹார்மோன் சிகிச்சை தருவது எலும்பையும் இதயத்தையும் காக்கத்தான். வயதான பெண்கள் ஹார்மோன் எடுப்பதைப் பற்றிய எச்சரிக்கைகளைக் கேட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். சிலருக்குச் சினைப்பை இடையிடையே மீண்டும் செயல்படும் என்பதால், இப்போது குழந்தை வேண்டாம் என்பவர்கள் கருத்தடையைப் பற்றியும், வேண்டும் என்பவர்கள் கருத்தரிப்பு மருத்துவரைப் பற்றியும் அதே சந்திப்பில் கேட்டுவிடுவது நல்லது.