பச்சையில் 82 சதவீதம், போனில் முதலாளி

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்கு ஈஆர்பி மென்பொருள் (இருப்பு, பில், கணக்கு எல்லாம் ஒரே இடத்தில்) போட்டுக்கொண்டிருந்தோம். வாராவாரம் எக்செல் அனுப்பி அலுத்துப்போய், எங்கள் வேலைகளை ஒவ்வொரு டிக்கெட்டாகப் பதியும் ஜிராவில் இருந்த தகவலை வைத்து, பவர் பிஐ என்ற அறிக்கை மென்பொருளில், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் ஒரு டாஷ்போர்டு செய்து கொடுத்தேன். '82% முடிந்தது' என்று பச்சையில் பளிச்சென்று இருந்தது. மறுநாளே முதலாளி போன் செய்தார்.

"82 எல்லாம் சரிங்க தம்பி. என் ஆளு இன்னிக்கு ஒரு டிசி போட முடியுமா?"

டிசி என்றால் சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான். அதைப் போட முடியாது. அந்த எண் மூடிய டிக்கெட்டுகளின் கணக்கு. லோகோவை மாற்றியதும் ஒரு டிக்கெட், ஆரம்ப இருப்பை ஏற்றுவதும் ஒரு டிக்கெட். சின்ன வேலைகள் எல்லாம் முடிந்திருந்தன. இருப்புப் பட்டியலோ இன்னும் அவர்கள் குடோனிலிருந்தே வரவில்லை.

சதவீதத்தைத் தூக்கிவிட்டேன். டிசி போடுதல், சாயப்பட்டறைக் கணக்கு, இ-இன்வாய்ஸ் என்று அவர்கள் வேலையையே வரிசைகளாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: செய்தாயிற்று, உங்கள் ஆள் சோதித்தார், ஓடுகிறது. கடைசிக் கட்டத்தை அவர்கள் சொன்னால்தான் மாற்றுவோம். பக்கத்தில் 'யார் கையில், எத்தனை நாளாக' என்றும் போட்டேன்; நாள் கூடினால் சிவப்பாகும்.

அதிலும் ஒரு வம்பு. குடோன் பொறுப்பாளர் பெயர் சிவப்பில் வந்ததும் மனிதர் பேசுவதையே நிறுத்திவிட்டார். தப்பு என்னுடையதுதான். பெயரை எடுத்துவிட்டுத் துறையை மட்டும் போட்டேன். சிவப்பாகும் முன்தினம் அவர்களுக்கு ஒரு போன். இருப்புப் பட்டியல் நான்காம் நாள் வந்தது.

அப்புறம், பவர் பிஐயின் ப்ரோ சந்தாவில் தானியங்கிப் புதுப்பிப்பு நாளுக்கு 8 முறைதான். அதனால் மேலே கடைசியாகப் புதுப்பித்த நேரத்தையும் போட்டுவைத்தேன்.