பால்கனி லைட் போட்டால் வீடே இருட்டாகிறதா? இப்படிக் கண்டுபிடியுங்கள்

மே மாதம் பெங்களூரில் சாயங்காலம் மேகம் கட்டினால் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் போகும். எங்கள் அல்சூர் வீட்டில் அப்படி மழை பெய்த இரவுகளில் பால்கனி லைட் சுவிட்சைத் தட்டியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம், வீடு முழுக்க இருட்டு. மூன்று நாள் நான் செய்ததெல்லாம் மெயின் போர்டில் விழுந்த லிவரைத் தூக்கிவிட்டு வந்ததுதான். அது ஆபத்து, நீங்கள் செய்யாதீர்கள். எது விழுந்தது என்று நின்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

படி 1: எந்த லிவர்?

மெயின் போர்டில் ஒல்லியாக வரிசையாக இருப்பவை எம்சிபி, ஷார்ட் ஆனாலோ லோடு அதிகமானாலோ தானாக விழுகிற சுவிட்ச். லைட், ஃபேன் லைனுக்கு உள்ளதில் பெரும்பாலும் 6 அல்லது 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும். ‘டி’ என்று எழுதிய குட்டி பட்டனோடு கொஞ்சம் அகலமாக இருப்பது ஆர்சிசிபி.

லைட் போட்டதும் எம்சிபி விழுந்தால் அநேகமாக ஷார்ட், அதாவது ஃபேஸும் நியூட்ரலும் நேராகத் தொட்டுக்கொள்வது. லோடு அதிகமாக இருக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் 9 வாட் எல்இடி பல்பு 0.1 ஆம்பியரைக்கூடத் தொடாது. ஆர்சிசிபி விழுந்தால் எங்கோ கரன்ட் கசிகிறது. ஃபேஸ் வயரில் போன கரன்ட் நியூட்ரல் வயர் வழியாக முழுசாகத் திரும்பி வருகிறதா என்று அது எந்நேரமும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். வீடுகளில் வழக்கமாகப் போடுவது 30 மில்லி ஆம்பியர் ரகம், அவ்வளவு கசிந்தாலே லைனை வெட்டிவிடும், அந்தக் கசிவு உங்கள் உடம்பு வழியாகப் போனாலும் அப்படியே. அதனால் “இது சும்மா சும்மா விழுது சார், கழட்டிட்டு நேரா கொடுத்திடலாம்” என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 2: பல்பைக் கழற்றுங்கள்

மெயினையும், யுபிஎஸ் இருந்தால் அதையும் அணைத்துவிட்டுப் பல்பை எடுங்கள். அப்புறம் மெயினைப் போட்டு, ஹோல்டர் பக்கம் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, அந்த லைட் சுவிட்சைப் போடுங்கள். விழவில்லையா? மறுபடி எல்லாவற்றையும் அணைத்து, வேறு அறையில் நன்றாக எரியும் பல்பை மாட்டிப் பாருங்கள். எரிந்தால் பழைய பல்புதான் போயிருக்கிறது, வேலை முடிந்தது. பல்பே இல்லாமல் விழுந்தாலோ, நல்ல பல்பு போட்டும் விழுந்தாலோ ஹோல்டரையும் வயரையும் பார்க்க வேண்டும்.

படி 3: திறப்பதற்கு முன்

இதை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். மெயினை அணைத்தால் போதும் என்று நினைக்கிறோம், ஆனால் இந்த ஊரில் நிறைய வீடுகளில் யுபிஎஸ் இருக்கிறது. மெயின் போனதும் அதுவே லைட் லைனுக்குக் கரன்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். அதையும் அணையுங்கள். மெயினை அணைப்பதற்கு முன்பே டெஸ்டரை ஒரு பிளக்கில் வைத்து எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஹோல்டரில் எல்லா வயரிலும் வைத்துப் பாருங்கள். போர்டு பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவரை நிறுத்துங்கள். காலில் ரப்பர் செருப்பு, ஏறி நிற்க மர ஸ்டூல்.

எங்கள் ஃபிட்டிங்கைத் திறந்தபோது வயர் நுழைகிற ஓட்டையில் இருந்த ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. அது வழியாகத் தண்ணீர் இறங்கிய தடம், பித்தளை ஸ்க்ரூவில் பச்சைக் களிம்பு, அதற்குக் கீழே செத்த எறும்புகள் ஈரத்தோடு ஒரு உருண்டையாக ஒட்டிக்கொண்டு, ஃபேஸ் முனைக்கும் எர்த் வயருக்கும் நடுவில் பாலம் போட்டது மாதிரி. மழை பெய்தால் மட்டும் ஏன் விழுந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

களிம்பைச் சுரண்டி அதையே மாட்ட வேண்டாம், புதிதாகவே வாங்குங்கள். பி.வி.கே. ஐயங்கார் சாலைக் கடைகளில் ‘ஐபி65’ ஃபிட்டிங் என்று கேட்டால் கொடுப்பார்கள், தண்ணீர் பட்டாலும் தாங்கும். பழையதைக் கழற்றும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வழக்கம்தான், பழைய வீட்டில் நிறத்தை நம்ப முடியாது. உலோக ஃபிட்டிங் என்றால் பச்சை வயரைக் கட்டாயம் மாட்ட வேண்டும். மாட்டும்போது வயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்து நுழையுங்கள், வயரில் வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

படி 4: இதற்கு மேல் கை வைக்காதீர்கள்

அந்த லைனின் எம்சிபியை இறக்கி வைத்தும் ஆர்சிசிபி விழுகிறதா? சாதாரண எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் எங்கோ எர்த்தையோ ஈரச் சுவரையோ தொட்டுக்கொண்டிருக்கலாம், வேறு சாதனம் கசியலாம். இதற்கும், வயர் கருகிய வாசனைக்கும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்துப் பார்ப்பார். மீட்டருக்கு வெளியே, கம்பத்தில் பொறி பறந்தால் பெங்களூரின் மின்சாரக் கம்பெனியான பெஸ்காமுக்கு 1912 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

எல்லாம் மாட்டி முடித்து லைட் எரிந்ததும் ஆர்சிசிபியின் ‘டி’ பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள். லிவர் உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள், பால்கனி லைட்டை அதுவரை போட வேண்டாம்.