படகில் மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு

தேனி மாவட்டத்துப் பள்ளிகளுக்குச் சுற்றுலா என்றால் முதலில் தேக்கடி, பிறகு ஆலப்புழை, கன்னியாகுமரி. மூன்றிலும் படகு உண்டு. புவியியல் ஆசிரியையாகப் பல ஆண்டுகளாக மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அத்தனை ஏற்பாடு செய்யும் நாம், படகை மட்டும் படகோட்டியின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். புதிதாகச் சுற்றுலாப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தென்கொரியாவின் சேவோல் கப்பலைப் பற்றி நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2014 ஏப்ரல் 16 காலையில் அது இஞ்சியோனிலிருந்து ஜேஜு தீவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் இருந்த 476 பேரில் 325 பேர் ஆன்சான் நகரின் டான்வோன் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள். கல்விச் சுற்றுலா வந்தவர்கள். ஜப்பானில் ஓடிய பழைய கப்பலை வாங்கி, மேல்தளத்தில் கூடுதல் அறைகள் கட்டியிருந்தார்கள். அனுமதித்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான சரக்கை ஏற்றிவிட்டு, கப்பலை நிலைநிறுத்த அடியில் நிரப்பும் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். மேலே கனம், கீழே இலகு. ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. சரியாகக் கட்டாத சரக்கு ஒரே பக்கமாகச் சரிய, மீண்டும் நிமிரவே இல்லை.

சாய்ந்த கப்பல் உடனே மூழ்கிவிடவில்லை, ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. அந்த நேரத்தில் ஒலிபெருக்கி 'இருக்கும் இடத்திலேயே இருங்கள், நகராதீர்கள்' என்று திரும்பத் திரும்பச் சொன்னது. பிள்ளைகள் சொன்னபடி லைஃப் ஜாக்கெட் அணிந்து அறைகளில் காத்திருந்தார்கள். கேப்டன் ஆரம்பத்திலேயே வந்த மீட்புப் படகில் ஏறித் தப்பினார். இறந்தவர்கள் 304 பேர். அவர்களில் 250 பேர் மாணவர்கள்.

பெரியவர் சொன்னால் கேள் என்று பழக்குகிற தொழில் நம்முடையது. அதனால்தான் நான் வகுப்பறையிலேயே, புறப்படுவதற்கு முன்பே, ஒரு விதிவிலக்கைச் சொல்லிக்கொடுக்கிறேன்: படகு சாய்ந்து நிமிராமல் நின்றால், தரையில் வைத்த தண்ணீர் பாட்டில் உருண்டு போய் ஒரு பக்கத்திலேயே தங்கிவிட்டால், யார் உத்தரவுக்கும் காத்திருக்காதே. மூடிய அறையிலிருந்து வெளியே வா. உயர்ந்திருக்கும் பக்கத்துத் திறந்த தளத்துக்கு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போ. என் உத்தரவுக்கும் காத்திருக்காதே. இதைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்லும் வரை நான் விடுவதில்லை. கேப்டன் மீதான கொலைக் குற்றத்தையும் ஆயுள் தண்டனையையும் 2015-இல் கொரிய உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ததற்குக் காரணமே, வெளியேறச் சொல்ல வேண்டியவர் சொல்லாமல் போனதுதான்.

பெரிய கப்பலுக்குத்தான் இந்த அவகாசம். நம் பிள்ளைகள் ஏறும் படகுகள் நொடிகளில் கவிழ்ந்துவிடும். எனவே முக்கால்வாசி வேலை கரையில் முடிய வேண்டும்.

படகின் பதிவு எண்ணையும் எத்தனை பேர் ஏறலாம் என்பதையும் படகில் எழுதியிருப்பார்கள்; இல்லையென்றால் ஏறாதீர்கள். தகுதிச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பிறகு தலைகளை நீங்களே எண்ணுங்கள், மடியில் இருக்கும் குழந்தையையும் சேர்த்து. 2007 பிப்ரவரியில் கேரளத்தின் தட்டேக்காட்டில் பெரியாற்றில் மூழ்கிய படகில் அளவுக்கு மீறி ஏற்றியிருந்தார்கள். 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். 2023 மே 7 அன்று அதே கேரளத்தின் தானூரில் 22 பேர் ஏற வேண்டிய படகில் அதைவிட மிக அதிகமானோர் இருந்தார்கள். மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியிருந்தார்கள். இருட்டிய பிறகு ஓட்டினார்கள். இறந்த 22 பேரில் 15 பேர் குழந்தைகள். சூரியன் மறைவதற்குள் கரைக்குத் திரும்பும் படகாக இருந்தால் மட்டும் டிக்கெட் எடுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓர் இடத்தில் எங்களுக்குக் கொடுத்தவற்றில் கொக்கியின் நாக்கு உடைந்து, அதன் இடத்தில் நைலான் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது. இழுத்தேன், அவிழ்ந்து கையோடு வந்தது. "ஆழமே இல்லை டீச்சர்" என்றார் படகோட்டி. நாங்கள் ஏறவில்லை. பிள்ளைகள் அழுதார்கள், இரண்டு பெற்றோர் டிக்கெட் பணத்துக்காகச் சண்டை போட்டார்கள், போகட்டும். அணிவித்த பிறகு இரு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அந்தப் பிள்ளைக்கு அது பெரிது. தண்ணீரில் நழுவிக் கழன்றுவிடும். படகில் கால் வைக்கும் முன்பே எல்லாக் கொக்கிகளும் பூட்டியிருக்க வேண்டும்.

கண்ணாடி அடைத்த அறைக்குள் உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் நிரம்பும் அறையில் ஜாக்கெட்டே ஆளைக் கூரையோடு அழுத்திவிடும், முங்கி வாசலுக்கு வர விடாது. மேல்தளத்திலும் கூட்டம் சேரக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. கரையில் விலங்கைப் பார்க்க ஒரே பக்கம் திரண்டதுதான் அன்று பலரும் சொன்ன காரணம். நான் வகுப்பில் பெஞ்சுகளைப் படகு மாதிரி போட்டு "யானை!" என்று கத்துவேன். எழுந்தவன் தோற்றான். இந்த விளையாட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பை எளிதாக ஜெயித்துவிடுகிறார்கள்.

கவிழ்ந்துவிட்டால்: மூச்சை இழுத்துப் பிடி, ஒரு கையால் கம்பியை விடாதே, வெளிச்சம் தெரியும் திசையில் வெளியே வா, மிதக்கும் படகையோ பலகையையோ பற்றிக்கொள். கரை கிட்டே தெரிந்தாலும் நீந்திப் போக முயலாதே.

ஓர் ஆசிரியர் கரையிலேயே இருக்க வேண்டும், பெயர்ப் பட்டியலோடும் பெற்றோரின் தொலைபேசி எண்களோடும். சேவோல் மூழ்கிய அன்று மாணவர்கள் அனைவரும் மீட்கப்பட்டதாகச் செய்தி வந்தது. பெற்றோர் மாற்று உடைகளோடு, விபத்து நடந்த இடத்துக்கு அருகிலுள்ள ஜிந்தோ தீவுக்கு ஓடினார்கள். அது பொய்ச் செய்தி. பயணிகளின் எண்ணிக்கையே பலமுறை மாறியது. ஆகவே உங்கள் கண்ணால் பார்த்துத் தொட்ட பிள்ளையின் பெயருக்கு எதிரே மட்டும் குறியிடுங்கள். 'யாரோ சொன்னார்கள்' என்பதற்குக் குறி கிடையாது. பெற்றோருக்கு நீங்களே பேசுங்கள், தெரியாததைத் தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.

உயிர் பிழைத்த 75 டான்வோன் மாணவர்களில் ஏறக்குறைய எல்லோரும் சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் பிறகு இரண்டு மாதம் கழித்து, ஒன்றாகவே பள்ளிக்குத் திரும்பினார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். பிழைத்த பிள்ளைகளைப் பிரிக்காதீர்கள், 'மறந்துவிடு' என்று சொல்லாதீர்கள், மாவட்ட மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் முதல் வாரத்திலேயே காட்டுங்கள். போலீஸ் விசாரிக்கும்போது பெற்றோரோ ஆசிரியரோ பக்கத்தில் இருக்க வேண்டும். மைக்கோடு வரும் நிருபர்களுக்குப் பள்ளி வாசலைத் திறக்காதீர்கள். தலைமை ஆசிரியர் வெளியே போய்ப் பேசட்டும்.